சின்ன விஷயமா?

கேள்வி: ‘கொலம்போ’ துப்பறியும் தொடரில் 1971-இல் வந்த ‘மர்டர் பை தி புக்’ பகுதியைப் பார்த்தேன். கொலைகாரன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டால் அப்புறம் என்ன மர்மம்? மறுநாள், கணித மேதை இராமானுஜனைப் பற்றிய ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015) பார்த்தேன். அருமையான படம். இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளின் வயதைக் கூட்டிவிட்டார்கள் என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். அது சின்ன விஷயம்தானே?
– வாசகர், ஈசூன்

பதில்: சின்ன விஷயமா? நீங்கள் பார்த்த அந்தத் துப்பறியும் கதைக்கு உயிரே சின்ன விஷயங்கள்தாம். கூட்டாகக் கதை எழுதும் இருவரில் ஒருவரின் பிணம் மற்றவனின் வீட்டுப் புல்தரையில் கிடக்கிறது. அந்த நேரத்திலும் அவன் தனக்கு வந்த தபால்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். துப்பறியும் அதிகாரி கொலம்போவுக்கு அது உறுத்துகிறது. கொலைகாரன் யார் என்பது நமக்குத் தெரிந்துவிட்டதால், அவன் எங்கே சறுக்கினான் என்பதிலேயே கண் நிற்கிறது. முகத்தை முதலில் காட்டுவது அதற்காகத்தான். இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு 24 வயது.

அதே கசங்கிய மழைக்கோட்டோடு கொலம்போ இராமானுஜன் படத்தை எடுத்தவர்களிடம் போயிருக்க வேண்டும். படம் பிரமாதம், என் மனைவிக்கு மிகவும் பிடித்தது என்று கைகுலுக்குவார். வாசல்வரை போய்த் திரும்புவார். “ஒரே ஒரு சந்தேகம். ஜானகி பிறந்தது 1899. திருமணம் 1909. கழித்தால் பத்துதானே வருகிறது? படத்தில் வளர்ந்த பெண்ணாக இருக்கிறாரே?” மறுபடி கிளம்பி மறுபடி திரும்புவார். “இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு 1914-இல் வயது 37. நடித்த ஜெரமி அயன்ஸ் அறுபதைத் தாண்டியவர் அல்லவா?” காரில் ஏறிய பிறகும் இறங்கி வருவார். “கும்பகோணத்துக் குடும்பம் வீட்டுக்குள் எதற்கு ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறது?”

ஹார்டியின் வயதை நான் விட்டுவிடுவேன். அயன்ஸின் நடிப்பு அப்படி. ஜானகியின் வயதை விட முடியாது. பத்து வயதுச் சிறுமியின் கழுத்தில் தாலி ஏறிய காலத்தை அந்த ஒரு மாற்றம் மூடி மறைத்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு காதல் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1920-இல் கணவர் இறந்தபோது அந்த அம்மாளுக்கு 21 வயது. பம்பாயில் தையல் கற்றுக்கொண்டு, சென்னை திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார். 74 ஆண்டு! கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று முதுமையில் கேட்டவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவரைக் கடிதத்துக்காக ஏங்கும் கதாநாயகியாக மட்டும் காட்டி முடித்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இந்தக் கோபத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. கோ. சாரங்கபாணியின் வாழ்க்கையைச் சிங்கப்பூரில் படமாக எடுக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். 1924-இல் இங்கே வந்தவர். 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியவர். அவர் மணந்துகொண்டது பெரனாக்கான் சீனப் பெண்ணை. நாளை படம் எடுப்பவர்கள், பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று அந்த அம்மையாரைத் தமிழ்ப் பெண்ணாக்கினால் என்ன ஆகும்? சாதி, இன வேலிகளை எதிர்த்து எழுதியவர் தம் வீட்டிலும் அப்படியே வாழ்ந்தார் என்ற உண்மை போயே போய்விடும். கேட்டால் உங்களைப் போலவே பதில் சொல்வார்கள்.

திரைக்கதை எழுத ஆசைப்படும் இளைஞர்களே, முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. முதலில் அங்கே போய் உட்காருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஆண்டு, பெயர், உறவுமுறை அத்தனையையும் வரிக்கு வரி சரிபார்த்துத் தருகிறேன்.