நந்தினிக்கு வேறு பெயர்

வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகள் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள். ஆறேழு வருடமாக இணையத்தில், பிறர் கதைப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் புனையும் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதி வருகிறாள் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஹாரி பாட்டர் படிக்கும் பள்ளியை வைத்து நாற்பது அத்தியாயத்தில் ஒரு தொடர்கதை. பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து ஒன்பது சிறுகதைகள். அதில் கடம்பூர் மாளிகையில் நந்தினி காத்திருக்கும் கதை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அச்சில் வரும் பல நாவல்களைவிட நன்றாக எழுதுகிறாள். "பெயர்களை மாற்றிப் புத்தகமாகப் போடு" என்றேன். சிரித்துக்கொண்டே "வேண்டாம் மாமா" என்கிறாள். வெளிநாட்டில் இப்படிப் பெயர் மாற்றி வந்த நாவல் கோடிக்கணக்கில் விற்றதைச் சொன்னேன், அசையவில்லை. பயமா, சோம்பலா, தன்னம்பிக்கை இல்லையா? இவளை எப்படி அச்சுக்குக் கொண்டுவருவது? இதெல்லாம் திருட்டு, இலக்கியமே இல்லை என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். அதற்கும் உங்கள் பதில் வேண்டும்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளையின் புனைபெயர், கதைகள் இருக்கும் சுட்டி, வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் மூன்றும் இருந்தன. மூன்றையும் நீக்கிவிட்டேன். வீட்டுக்கே தெரியாமல் இத்தனை வருடம் எழுதியவளை ஒரே கடிதத்தில் ஊருக்குக் காட்டிக்கொடுக்கப் பார்த்தீர்கள். பாசத்தில் செய்தது என்று புரிகிறது. இன்னொருமுறை செய்யாதீர்கள்.

உங்கள் நண்பரிடம் அவர் கடைசியாக வாசித்த ஃபேன் ஃபிக்‌ஷன் எது என்று கேளுங்கள். பதில் வந்தால் அதற்குமேல் பேசலாம்.

பயம், சோம்பல், தன்னம்பிக்கைக் குறைவு என்று மூன்று காரணம் சொல்கிறீர்கள். மூன்றும் அவளுடைய குறைகள். அவள் தன் தொழிலை உங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதால் மறுக்கிறாள் என்று ஏன் தோன்றவில்லை? "பெயர்களை மாற்றிப் போடு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். இந்த வரியைப் பலர் வாயில் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நீங்கள் சொல்லும் வெளிநாட்டு நாவல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே', 2011-ல் வந்தது. 'ட்வைலைட்' நாவலின் பாத்திரங்களின் பெயரில் இணையத்தில் தொடராக வந்த கதைதான் அது. ஆனால் மூலத்தில் நாயகன் ரத்தக்காட்டேரி. ரசிகை எழுதிய கதையில் காட்டேரியே கிடையாது. சியாட்டில் நகரத்தில் ஒரு பணக்கார இளைஞன், ஒரு கல்லூரி மாணவி, அவ்வளவுதான். 2014-ல் அச்சான 'ஆஃப்டர்' நாவலும் அப்படியே. ஒரு பாடகர் குழுவின் ரசிகை எழுதியது, ஆனால் கதையில் அந்தப் பையன்கள் பாடகர்கள் அல்ல, கல்லூரியில் படிப்பவர்கள். ஃபேன் ஃபிக்‌ஷன்காரர்கள் இந்த வகையை 'ஏயு' (ஆல்டர்நேட் யுனிவர்ஸ்) என்பார்கள். ஆட்கள் மட்டும் மூலத்திலிருந்து வருவார்கள், உலகம் வேறு. அங்கே மூலத்திலிருந்து வாங்கிய கடன் பெயரும் முகமும்தான். பெயரை மாற்றியதும் கடன் தீர்ந்துவிட்டது.

ஆக, மூலத்தைவிட்டு ரொம்பத் தள்ளி நிற்கும் கதைதான் சுலபமாக அச்சுக்குப் போகிறது. மூலத்தின் உள்ளேயே புகுந்து, அதன் இடுக்குகளில் எழுதப்பட்ட கதைக்கு அந்த வழி கிடையாது. நீங்கள் வியக்கும் திறமை இரண்டாவது வகையில்தான் அதிகம். அச்சுக்கு வந்தவர்களை வைத்து வராதவர்களை அளக்கிறீர்கள். அளவே தப்பு.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படி மாற்றுவார்கள்? முதலில் பெயர். கணினியில் 'ஹாரி' வரும் இடமெல்லாம் 'கதிர்' என்று போடச் சொன்னால் ஒரு நொடியில் போட்டுவிடும். பிறகு பிரதியைத் திறந்து பாருங்கள். 'ஹாரியை' என்பது 'கதிர்யை' ஆகியிருக்கும், 'ஹாரியிடம்' 'கதிர்யிடம்' ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் பெயர் வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொண்டு வரும். தப்பிக்க வேண்டுமென்றால் பழைய பெயர் முடியும் எழுத்திலேயே முடியும் பெயராகப் பார்த்து வைக்க வேண்டும், ஹாரிக்கு பாரி என்பதுபோல. இல்லையென்றால் நாற்பது அத்தியாயத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். இதுதான் இருப்பதிலேயே எளிய வேலை.

அடுத்து உலகம். நான்கு பிரிவுகளாகப் பிள்ளைகளைப் பிரிக்கும் தொப்பி, பறக்கும் துடைப்பத்தில் விளையாடும் பந்தாட்டம், மந்திரங்களின் பெயர்கள், அமைச்சகம் எல்லாம் போக வேண்டும். வேறு தொப்பியைக் கொண்டுவந்தால் போதாது, வாசகர் கண்டுபிடித்துச் சிரிப்பார். மந்திரத்தையே எடுத்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியாக்கினால், மந்திரத்தால் நடந்த திருப்பங்கள் எல்லாம் காலியாகும். அந்த இடங்களுக்குப் புதிதாகக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆளை விழுங்குவது. "ஸ்னேப் கதவைத் திறந்தார்" என்று ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் தொடங்கினால், அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால், ஹாரியின் ஆசிரியரான ஸ்னேப் வரும் ஏழு பாகம் நிற்கிறது. கறுப்பு அங்கி, எண்ணெய்த் தலை, கிடைக்காமல் போன காதல், யார் பக்கம் என்று கடைசிவரை தெரியாத விசுவாசம், என்ன சாவு சாகப்போகிறார் என்பதும்கூட. எழுதுபவள் ஒரு சொல் செலவழிக்கவில்லை. எல்லாம் வாசகரின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் அவளால் நேரே அடுத்த காரியத்துக்குப் போக முடிகிறது. அவர் கடையில் புதுச் செருப்பு பேரம் பேசும் காட்சியை எழுதினால்கூட நமக்கு நெஞ்சு அடைக்கும். எத்தனை நாள் போடப்போகிறார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இப்போது பெயரைப் 'பேராசிரியர் சுகுமாரன்' என்று மாற்றுங்கள். யாரோ ஒருவர் செருப்பு வாங்குகிறார். அதை மறுபடி ஸ்னேப்பின் செருப்பாக்க வேண்டுமென்றால் முன்னால் ஐந்தாறு அத்தியாயம் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்தாறு. கதையில் எத்தனை ஆட்கள்? சேர்த்ததை எங்கே வைப்பது? முன்னால் வைத்தால் கதை தொடங்கவே அறுபது பக்கம் ஆகும். நடுவில் பிட்டுப் பிட்டு வைத்தால் ஓட்டம் தடுக்கும். கடைசியில் பழைய கதையைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்று எழுதுவது சுலபம் என்ற இடத்துக்கு வருவார்கள். அந்தப் புதிய நாவலுக்குத் தேவைப்படுவது முன்பின் தெரியாத ஆளை அறிமுகம் செய்யும் திறமை. அவள் இத்தனை வருடம் கூர்தீட்டியது வேறு திறமை, தெரிந்த ஆளின் தெரியாத பக்கத்தைக் காட்டுவது. ஒன்றில் கெட்டிக்காரி என்பதால் மற்றதும் வரும் என்பதில்லை. வரக்கூடும். அவளுக்கு அதில் ஆசை இருக்க வேண்டுமே!

நம் குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் வருவார்கள். நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கூத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், வாசியுங்கள். நடக்கும் கதை ராமாயணம். இந்த இரண்டு பேரும் வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. கூத்துக்காரர்கள் தாங்களாகச் சேர்த்தவர்கள். குறுக்கே வந்து சண்டை போடுவார்கள், ஊர்ப் பேச்சுப் பேசுவார்கள், சில சமயம் பச்சையாகவும் பேசுவார்கள். கூட்டம் சிரிப்பது இவர்களுக்காகத்தான். எழுதிவைத்த வசனம் கிடையாது. திரைக்குப் பின்னால் பாவையை ஆட்டுபவர் அன்றைக்கு எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார். அந்தக் கூத்துக்காரரிடம் போய், "ராமனை எடுத்துவிட்டு இவர்கள் இரண்டு பேரை மட்டும் வைத்துச் சொந்தமாக ஒரு நாடகம் போடு, நீ பெரிய கலைஞன் ஆகலாம்" என்று சொல்வீர்களா? திரையில் ராமன் நிற்பதால்தான் உளுவத்தலையன் பேசுவது உறைக்கிறது. ராமனை எடுத்தால் இரண்டு பேர் வாய்ச்சண்டை போடுகிறார்கள் என்பதுதான் மிச்சம். கூத்துக்காரர் அப்படியொரு நாடகம் போடாதது தன்னம்பிக்கைக் குறைவினாலா? தக்கலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்றுதான் எனக்குக் கோபம்.

பொன்னியின் செல்வன் கதைகளுக்கு வருகிறேன். இங்கே சட்டச் சிக்கல் இல்லை. கல்கி 1954-ல் மறைந்தார், அவர் எழுத்துகள் நாட்டுடைமையாகிப் பல வருடம் ஆகின்றன. வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதியிருக்கிறார். நாவல் முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்தெடுத்ததால் கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத கதைகளுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். கடம்பூர் மாளிகையில் காத்திருப்பவளுக்கு வேறு பெயர் வைத்துப் பாருங்கள். வரப்போகிறவன் ஆதித்த கரிகாலன் என்றும், அவன் உயிரோடு திரும்பப்போவதில்லை என்றும் தெரிந்ததால்தான் உங்கள் தூக்கம் போனது. அந்த இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்ததில் பாதிப் பங்கு கல்கிக்கு. அவளுக்கு இது தெரியும். அந்தப் பாதியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மனமில்லாமல் இருக்கலாம். அதற்குப் பெயர் நேர்மை.

ஹாரி பாட்டர் கதை வேறு. எழுதிய ரௌலிங் உயிரோடு இருக்கிறார். நம் 1957-ஆம் வருடச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். இணையத்தில் காசு வாங்காமல் எழுதுவதைப் பெரும்பாலும் கண்டும்காணாமல் விடுகிறார்கள், அச்சிட்டு விற்றால் விடமாட்டார்கள். 'ஹாரி பாட்டர் லெக்சிகன்' என்று ஒரு ரசிகர் தளம் இருந்தது, கதைகளுக்கு அகராதிபோல. ரௌலிங்கே அதைப் பாராட்டியிருந்தார். அதைப் புத்தகமாக்கி விற்கப் போனதும் வழக்கு வந்தது, 2008-ல் நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்தது. 2007-ல் கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு ஹாரி படிக்கும் பள்ளியைப் பந்தலாகப் போட்டார்கள், அதற்கும் வழக்கு. தில்லி உயர் நீதிமன்றம் பந்தலை அனுமதித்தது. நாலு நாள் நின்று பிரிக்கப்படும், லாபத்துக்கில்லாத பந்தல் தப்பியது. விலை போட்ட புத்தகம் தப்பவில்லை.

இனி அச்சில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். அத்தியாயத்துக்கு 1500 சொல் என்று வைத்தால் நாற்பது அத்தியாயம் 60,000 சொல். டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 215 சொல் பிடித்தால் 280 பக்கம், முகப்புப் பக்கங்களோடு 288. ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதிதான் பாரம், பாரத்துக்கு 16 பக்கம் வீதம் 18 பாரம். புது ஆளுக்கு 300 பிரதி போட்டாலே பெரிய மனது. விலை 350 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம் என்றால் அத்தனையும் விற்ற பிறகு 10,500 ரூபாய். எல்லாம் விற்க எத்தனை வருடம் ஆகுமோ! கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாதா? எழுதியவரிடமே பணம் கேட்கும் பதிப்பாளர்களும் உண்டு. ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணை வாங்கித் தருகிறேன் என்று அதற்குத் தனியாகக் காசு கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இந்தியாவில் அது இலவசம்.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. அவளுடைய உலகத்தில் 'பீட்டா ரீடர்' என்று ஒருவர் உண்டு. வெளியிடுவதற்கு முன்னால் வாசித்து, மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த காயம் எட்டாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போய்விட்டது என்று சொல்பவர். இந்தப் பேச்சு இவன் பேசுவது போல் இல்லை என்று சண்டை போடுபவர். காசு வாங்குவதில்லை. தமிழ்ப் பதிப்பகங்களில் பிழை திருத்துபவர் இருப்பார். இப்படி உட்கார்ந்து பேசும் எடிட்டர் உள்ள இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அச்சுக்கு வருவது பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள். அவளுக்கு அது இருக்கும் எடிட்டரையும் இழப்பது.

வாசகரையும் இழக்க வேண்டிவரும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மாதச் சந்தாக்காரர்கள் வாசிக்கும் திட்டத்தில் ஒரு நூலைச் சேர்த்தால், அதே கதை இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் பதிப்பாளர்களும் பெரும்பாலும் இணையப் பிரதியை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்தால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் வருடக்கணக்காகச் சேர்ந்த பின்னூட்டங்களும் போகும். புத்தகம் வாங்கிய 300 பேரில் எத்தனை பேர் கடிதம் எழுதுவார்கள்? 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' போன்ற ரசிகர் கதைத் தளத்தில் கதைக்குக் கீழே காசு கேட்கவே அனுமதி கிடையாது. கொடுப்பதும் வாங்குவதும் கதைதான் என்று பழகியவர்கள், திடீரென்று விலைச்சீட்டு ஒட்டினால் ஒருமாதிரிதான் பார்ப்பார்கள்.

எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டீர்கள். கொண்டுவராதீர்கள். உருப்படியாக ஏதாவது செய்ய ஆசையென்றால் எல்லாக் கதைகளையும் இறக்கி வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். தளங்கள் ஒருநாள் கேட்காமல் அழித்துவிடும். இபப் என்னும் மின்னூல் கோப்பாக ஒன்றும் வெறும் யூனிகோட் எழுத்தாக ஒன்றும், இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ஒருவேளை அவளாகவே அச்சுக்கு வர நினைத்தால், அந்த ஒன்பது கதைகளை எடுத்துக்கொள்ளட்டும். கதைக்கு நாலாயிரம் சொல் இருந்தால் 36,000 சொல், பதினொரு பாரத்துக்குள் அடங்கும். பெயர் எதையும் மாற்ற வேண்டாம். கல்கியின் பாத்திரங்கள் என்று தலைப்புப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடட்டும், புனைபெயரிலேயே வரட்டும், வெளியீட்டு விழா வேண்டாம். சிறுகதை விற்காது, இதையெல்லாம் இணைத்து ஐந்நூறு பக்கத்துக்குத் தொடர்ச்சி நாவலாக்கித் தா என்று பதிப்பாளர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பதிப்பாளரிடம் போகட்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிகிறது.