என் ஓட்டத்தில் வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: கோவையில் வங்கி ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 42. சில வருடங்களாக ஓடி வருகிறேன், ஆஃப் மாரத்தானை (21.1 கி.மீ.) 2 மணி 28 நிமிடத்தில் முடிப்பேன். ஓடும்போது கிடைக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை, ஆனால் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. மனைவியை ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்கு அழைத்துப் போனேன். அரை கிலோமீட்டரில் ‘எனக்கு வேண்டாங்க’ என்று உட்கார்ந்துவிட்டார். ‘ஞாயித்துக்கெழமை நீங்க வீட்லயே இருக்கறதில்ல’ என்பது அவருடைய குறை. 11 வயது மகள் மட்டும் ‘நானும் வர்றேன்ப்பா’ என்கிறாள். டிசம்பரில் நடக்கும் மாரத்தானில் அவளை என்னோடு 10 கி.மீ. ஓட வைக்கலாமா? ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்’ என்கிறார் அம்மா. அப்பாவுக்கு 69, சர்க்கரை இருக்கிறது, அவரும் நடக்க வருகிறேன் என்கிறார். எல்லோரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?
– வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வரிதான். அவர் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் ‘இவருக்கு ஓட்டம் புரியவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, புரிய வைப்பதற்காக ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அவர் கேட்டது வேறு, நீங்கள் கொடுத்தது வேறு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாங் ரன், அதாவது வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட தூர ஓட்டம் என்றால், உங்கள் வேகத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் நாலரைக்குக் கிளம்புகிறவர் பெரும்பாலும் ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார், ஏனென்றால் ஓடி முடித்ததும் கூட்டாளிகளோடு டீ, ஸ்ட்ரெச்சிங், போட்டோ, அப்புறம் இட்லி. வந்ததும் குளித்துவிட்டு ஒரு தூக்கம். மதியம் எழுந்திருக்கும்போது ஞாயிறு பாதி முடிந்திருக்கும், அந்தப் பாதியில் வீட்டு வேலை முழுவதையும் ஒருவரே செய்திருப்பார். உங்கள் வீட்டில் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஓடுகிறவர்கள் இருக்கும் பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் காரியமாக லாங் ரன்னை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், வங்கிக்காரருக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறைதானே. ஞாயிற்றுக்கிழமை ஓடினால் முடித்த கையோடு வீட்டுக்கு வாருங்கள், வந்து டிபனை நீங்களே செய்யுங்கள். அந்தக் காலை நேரத்தை அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், தோழி வீட்டுக்குப் போகலாம். நடக்கத்தான் வேண்டும் என்று தயவுசெய்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஓடியாக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது.

சரி, அந்தச் சந்தோஷத்துக்கு வருவோம். உங்களுக்கு அது எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் கிலோமீட்டரில் வராது. கால் சூடேறி, மூச்சு ஒரு தாளத்தில் உட்கார்ந்து, நாலைந்து கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அந்த லேசான மனநிலை வரும். நீண்ட நேரம் உழைத்த பிறகு உடம்பு தானாகவே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேதிப்பொருட்களுக்கு இதில் பங்கு உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. புதிதாக வருகிறவர் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே மூச்சு வாங்கி நின்றுவிடுவார். உங்கள் மனைவி உட்கார்ந்த அந்த அரைக் கிலோமீட்டரில் அவருக்குக் கிடைத்தது மூச்சிரைப்பு மட்டும்தான், நீங்கள் பக்கத்தில் நின்று ‘நல்லா இருக்கில்ல?’ என்று கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்வார்! ஆக, உங்களுக்குக் கிடைப்பதை அப்படியே அவர்களுக்குக் கொடுக்க முடியாது. அவர்களுக்கான சந்தோஷம் சேர்ந்து போவதிலும் பேச்சிலும் அந்தக் காலை நேரத்திலும்தான் இருக்க வேண்டும், அதற்கு உங்கள் வேகம்தான் இறங்கி வர வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். அப்படிப்பட்டவர், ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் மெதுவாக ஓட வைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அதுதான் அளவு. 1962-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனார், பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அப்போது அவருக்கு 51 வயது. ஞாயிற்றுக்கிழமை ஜாகிங் கூட்டத்தோடு கிளம்பியவர் கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவரோடு பேசிக்கொண்டே கடைசிவரை கூட வந்தார். பவர்மன் ஊர் திரும்பியதும் யூஜின் நகரத்து மக்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு ஜாகிங் சொல்லிக்கொடுத்தார், அமெரிக்காவில் ஜாகிங் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பெரியவர் அன்று தன் வேகத்திலேயே முன்னால் போயிருந்தால், ஊர் திரும்பிய பவர்மனுக்கு அந்த யோசனை வந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உங்களிடம் ரேஸ் கோர்ஸ் இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். வீட்டார் எதிர்த் திசையில் நடக்கட்டும், நீங்கள் உங்கள் வேகத்தில் ஓடுங்கள். நீங்கள் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், அவர்கள் 12 முதல் 15 நிமிடம் என்று வைத்தால், 11, 12 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரெதிரே சந்திப்பீர்கள். மகள் அப்போதெல்லாம் உங்களோடு திரும்பி நூறு மீட்டர் ஓடிவிட்டுத் தாத்தாவிடம் போகலாம். உங்கள் பயிற்சியும் கெடாது, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவும் வேண்டாம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிற நாட்களில் அங்கே நடப்பதே ஒரு சுகம்.

அப்பா நடக்க வருகிறேன் என்று தானாகக் கேட்பது எவ்வளவு நல்ல விஷயம்! முதலில் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அதனால் எந்த மருந்து, வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் உடனே உட்கார வைத்துக் கொடுத்துவிட வேண்டும். செருப்பில் நடக்க விடாதீர்கள். நல்ல ஷூ, பருத்தி சாக்ஸ் போட்டுப் போகட்டும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் பட்ட காயம் தெரியாமலே போய்விடலாம். நெஞ்சு இறுக்கம் வந்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது, நேரே மருத்துவமனைதான்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். அவர் மட்டுமா அப்படி நினைத்தார்? ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் 1984-ல்தான் வந்தது, லாஸ் ஏஞ்சல்ஸில். அதுவரை பெண் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்று பெரிய பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த முதல் ஓட்டத்தை அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இதைப் பேத்தியே பாட்டிக்குச் சொல்லட்டும்.

இப்போது மகள். 10 கி.மீ. இந்த டிசம்பரில் வேண்டாம் என்பது என் கருத்து. அவளால் முடியாது என்பதால் சொல்லவில்லை, இந்த வயதுப் பிள்ளைகள் அப்பாவுக்காக எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். வெளிநாடுகளில் பார்க்ரன் என்று வாராவாரம் நடத்துகிறார்கள், எல்லோருக்கும் பொதுவாக 5 கி.மீ., 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக 2 கி.மீ. அந்த 2 கி.மீ. நல்ல அளவு, அதிலிருந்து தொடங்குங்கள். வேகம் அவளுடையது. திடீரென்று பாய்வாள், நிற்பாள், நாய்க்குட்டியைப் பார்ப்பாள், மறுபடி பாய்வாள், பிள்ளைகள் ஓடுவதே அப்படித்தான். ‘கையை இப்படி வை, மூச்சை அப்படி விடு’ என்று சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே வளர்ந்தவர்களுக்கே அந்த ஓட்டம்-நடை முறையைத்தான் பிரபலமாக்கினார். ‘இன்னும் ஒரு சுற்று போலாம்ப்பா’ என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், அடுத்த வாரம் அவளே உங்களை எழுப்புவாள். முழங்கால், குதிகால் வலி என்றால் ஓய்வு, வலி நீடித்தால் டாக்டர். ஒரு நாள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவளுக்கு வயதுக்கு வரும் பருவம், சில நாட்களில் காரணம் சொல்லத் தயங்குவாள். பக்கத்தில் கழிப்பறை எங்கே என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் மனைவியின் யோசனை உங்களுடையதைவிட நன்றாக இருக்கும், அவரிடம் கேளுங்கள்.

டிசம்பரில் நீங்கள் ஆஃப் ஓடுவதாக இருந்தால், வீட்டார் எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். 5.30-க்குக் கிளம்பினால் 6.05-க்கு ஐந்தாவது கிலோமீட்டர், 6.40-க்குப் பத்தாவது, எட்டு மணிக்குச் சற்று முன் முடிவு. இது தெரியாமல் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றவர்கள் மறுவருடம் வர மாட்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஒரு வருடம் 21-ஐ விட்டுவிட்டு, 5 கி.மீ. பிரிவில் மகளோடு பெயர் கொடுங்கள், அவள் நடந்தால் நீங்களும் நடங்கள். அந்த 5 கிலோமீட்டரை அப்பா நடந்து முடிக்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பழகிக்கொள்ள அவருக்கும் சில மாதங்கள் வேண்டும்.