பரணில் கிடக்கும் ஒற்றை மர பிளேடு எந்த விமானத்தினுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வாளையார் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய விமான புரொப்பெல்லரின் பிளேடு ஒன்று கிடக்கிறது. ஏறக்குறைய ஐந்தடி நீளம். மரம்தான், ஆனால் தூக்கினால் நல்ல கனம். அடியில் குப்பி மாதிரி ஒரு உலோக உறை. கறுப்புச் சாயம், நுனியில் மட்டும் மஞ்சள். தாத்தா இதை டைகர் மாத் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உறுதி செய்ய வழி உண்டா?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் விவரம் சரி என்றால் அது டைகர் மாத் கிடையாது. தாத்தா மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் இங்கே ஃப்ளையிங் கிளப், பயிற்சி விமானம் என்றாலே டைகர் மாத்தான், பழைய விமானம் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

டைகர் மாத்தின் புரொப்பெல்லரில் இரண்டு பிளேடும் நடுப்பகுதியும் சேர்ந்து ஒரே உருப்படி. பலகைகளை அடுக்கி ஒட்டி, அந்தக் கட்டையிலிருந்து மொத்தமாகச் செதுக்கி எடுப்பார்கள். அதில் ஒரு பிளேடை மட்டும் கழற்ற முடியாது. யாராவது ரம்பத்தால் அறுத்திருந்தால்தான் உண்டு, அப்படியானால் அடியில் அறுபட்ட முகம் இருக்கும். உங்களுடையதில் உலோக உறை இருக்கிறது. ஆக அது ஹப்பில், அதாவது பிளேடுகளைப் பிடித்திருக்கும் நடுக்குடத்தில், தனியாக மாட்டிக் கழற்றும் பிளேடு. பறக்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லரைச் சேர்ந்தது. மரமும் உலோகமும் கலந்த இந்த அமைப்பு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் பெருமளவில் வந்தது.

பிரிட்டனில் இதற்குப் பெயர் பெற்ற கம்பெனி ரோட்டால். ரோல்ஸ் ராய்ஸும் பிரிஸ்டலும் சேர்ந்து 1937-இல் தொடங்கியது, பெயரும் அந்த இரண்டையும் ஒட்டி வைத்ததுதான். பிரிட்டிஷ் போர் விமானங்களான ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் நிறைய ரோட்டால் புரொப்பெல்லர்கள் மர பிளேடுகளோடு ஓடின. அலுமினியம் இருக்கும்போது மரம் எதற்கு என்று கேட்பீர்கள். போர்க் காலத்தில் அலுமினியத்துக்கு ஏகப்பட்ட போட்டி என்பது ஒரு காரணம். எனக்குப் பிடித்த காரணம் வேறு: இறங்கும்போது பிளேடு தரையில் உரசினால் மரம் சிதறிப் போய்விடும், அதிர்ச்சி முழுதும் எஞ்சினுக்குப் போகாது. உலோகம் சிதறாமல் வளையும், அந்த அடியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

கனமாக இருப்பதற்கும் விளக்கம் உண்டு. மெல்லிய மரத் தகடுகளில் செயற்கைப் பிசின் ஏற்றி, சூட்டில் வைத்து அழுத்தி ஒரு கட்டையாக்குவார்கள். பிளேடின் அடிப்பகுதி அந்த அழுத்திய மரம். அடியிலேயே மரை வெட்டி, உலோக உறையைத் திருகிப் பூட்டியிருப்பார்கள். மேலே போகப் போகச் சாதாரண லேசான மரம். முழு பிளேடுக்கும் மேலே ஒரு உறை, காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில் பித்தளைத் தகடு. உங்கள் பிளேடில் சாயம் உரிந்த இடத்தில் மரத்துக்கு முன்னால் வலையோ, பிளாஸ்டிக் போன்ற ஒரு படலமோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஜெர்மன்காரர்களும் இப்படி உறை போட்ட மர பிளேடு செய்தார்கள், ஆனால் நுனியில் நாலு அங்குல மஞ்சள் பிரிட்டிஷ் பழக்கம்.

என்ன மரம் என்று ஊரில் யாரிடமும் கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்குக் கொழிஞ்சாம்பாறையில் மரக்கடை, அதனால் உரிமையோடு சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் எந்தப் பழைய மரத்தைக் காட்டினாலும் ஆசாரி நகத்தால் கீறிப் பார்த்து "இது ஈட்டியாக்கும்" என்பார், ஈட்டி இல்லை என்றால் தேக்கு. பழைய புரொப்பெல்லர்களில் அதிகம் வருவது மகாகனி, வால்நட், பர்ச், ஓக், ஆஷ். இந்த மரங்கள் நம் ஆசாரிகளின் கைக்கு அதிகம் வந்தவை இல்லை. அப்படியே சரியாகச் சொன்னாலும் மரத்தின் பெயரை வைத்து விமானத்தைப் பிடிக்க முடியாது.

பிடிக்க உதவுவது சுழலும் திசை. பிளேடின் ஒரு முகம் தட்டையாகவும் மறு முகம் புடைத்தும் இருக்கும். மூக்கில் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் புடைத்த முகம் முன்பக்கம், தட்டை முகம் விமானியைப் பார்த்திருக்கும். இப்போது புடைத்த முகம் உங்களைப் பார்க்க, நுனி மேலே இருக்க, பிளேடை நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டு விளிம்பில் தடித்து உருண்டது, பித்தளை போட்டது, முன்விளிம்பு. அது உங்கள் இடது கைப் பக்கம் வந்தால், விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழி. வலது கைப் பக்கம் வந்தால் இடஞ்சுழி.

இது ஏன் முக்கியம் என்றால், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் வலஞ்சுழி, அதற்கு அடுத்து வந்த கிரிஃபன் இடஞ்சுழி. போர்க் காலத்தில் நம் விமானப்படை ஓட்டிய ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் மார்க் 8 (எட்டாவது வடிவம்) எல்லாம் மெர்லின். போருக்குப் பிறகு வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 14, 18 இரண்டும் கிரிஃபன், ஐந்து பிளேடு. ஒரு விளிம்பைப் பார்த்தே பாதிப் பட்டியலை அடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: டெம்பெஸ்ட் போர் விமானத்தின் சென்டாரஸ் எஞ்சினும் இடஞ்சுழிதான், அதுவும் இங்கே பறந்திருக்கிறது. ஆகையால் இடது என்று வந்தவுடனே ஸ்பிட்ஃபயர் என்று முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

முடிவான ஆதாரம் அந்த உலோக உறையிலும் அதை ஒட்டிய மரத்திலும் இருக்கும்: கம்பெனி பெயர், டிராயிங் எண், பிளேடின் வரிசை எண், பரிசோதகர் அடித்த 'ஏ.ஐ.டி.' முத்திரை. துருவைச் சுரண்டாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உறைக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள், அழிந்தது போல் இருந்த எழுத்தும் நிழல் கட்டி எழும். அப்புறம் மெல்லிய தாளை அதன் மேல் வைத்து, சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தது போலப் பென்சிலால் தேயுங்கள். உப்புத்தாள், வார்னிஷ், டர்பன்டைன் எதுவும் கிட்டே போகக்கூடாது. ஒரு வீட்டில் பளபளவென்று பாலிஷ் போட்டு மாட்டியிருந்த புரொப்பெல்லரைப் பார்த்தேன். அழகுதான், ஆனால் முத்திரை எல்லாம் மரத்தூளாகப் போய்விட்டது.

வாளையாருக்கு எப்படி வந்தது என்பது பெரிய புதிர் இல்லை. போரின்போது பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்க்கும் தளம் இருந்தது, பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூரிலும் கொச்சியிலும் அவர்களுக்குத் தளங்கள் உண்டு. ரயிலில் வாளையார் இவற்றுக்கு நடுவில். அவர்கள் வைத்திருந்த அமெரிக்க கோர்சேர், ஹெல்கேட் இரண்டுக்கும் உலோக பிளேடு, அதனால் அவை உங்கள் கணக்கில் வராது. ஸ்பிட்ஃபயரின் கடற்படை வடிவமான சீஃபயர் வரும். போர் முடிந்து கழித்துக் கட்டிய சாமான் ஆக்ரிக்கடை (பழைய சாமான் கடை) வழியாக எந்த வீட்டுக்கும் போயிருக்கலாம். ஆனால் இது வந்த வழியைப் பற்றிய என் ஊகம், முத்திரைக்கு ஈடாகாது.

கருடா என்றதும் இன்னொன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பெர்லினில் 'கருடா' என்ற பெயரிலேயே ஒரு புரொப்பெல்லர் கம்பெனி இருந்தது. முழு மர புரொப்பெல்லரில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, நம் கொச்சியில் 1953-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கருடாவின் சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் குதிரைத்திறனுக்கு 'பி.எஸ்.' என்று போட்டிருந்தால் அது ஜெர்மன் சரக்கு.

இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது ஒரே கட்டையில் செதுக்கிய புரொப்பெல்லர் இருந்தால்: முத்திரை நடுப்பகுதியில் இருக்கும். பிரிட்டிஷ் உருப்படியில் எஞ்சின் பெயரும், விட்டம், பிட்ச் (கணக்குப்படி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அளவுகளும் சேர்ந்தே வரும். கடிகாரம் பதிக்க நடுவைக் குடைந்திருந்தால் கொஞ்சம் சிரமம். அப்போது பிட்சை நீங்களே கணக்கிடலாம். நடுவிலிருந்து நுனிவரை உள்ள தூரத்தில் முக்கால் பங்கு இடத்தில், தட்டை முகத்தின் சாய்வை மொபைல் போனின் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள். ஆறடி விட்டம் என்றால் அந்த இடம் 27 அங்குலத்தில். அங்கே சுற்றளவு ஏறக்குறைய 170 அங்குலம். சாய்வு 18 டிகிரி என்றால் அதன் டேன்ஜென்ட் 0.325, பெருக்கினால் பிட்ச் சுமார் 55 அங்குலம். திசையையும் பாருங்கள்: டைகர் மாத்தின் கிப்ஸி மேஜர் எஞ்சின் இடஞ்சுழி, நம் எச்.ஏ.எல். செய்த புஷ்பக் விமானத்தின் கான்டினென்டல் எஞ்சின் வலஞ்சுழி. போல்ட் இறுகிய தடமே மரத்தில் இல்லை, அடியிலிருந்து நுனிவரை சாய்வு ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அது அலங்காரத்துக்குச் செய்தது.

உங்கள் பிளேடுக்கு இந்தக் கோணக் கணக்கு உதவாது, அது ஹப்பில் திரும்பக்கூடியது. நீளம், திசை, உறையில் தேய்த்தெடுத்த எழுத்து, இந்த மூன்றின் படத்தையும் கீழே சேருங்கள். டிராயிங் எண் மட்டும் தெளிவாகக் கிடைத்துவிட்டால் மெர்லினா கிரிஃபனா, எந்த மார்க் என்பதுவரை போகலாம்.