வீட்டிஷ், ஃபேர், பேல்: எது என்ன நிறம்?

கேள்வி: மகளுக்கு வரன் தேடுகிறோம். விளம்பரத்தில் நிறம் 'வீட்டிஷ்' என்று போடட்டுமா, 'ஃபேர்' என்றே போட்டுவிடட்டுமா என்று தரகர் கேட்கிறார். வீட்டிஷ் என்றால் என்ன?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வீட் என்றால் கோதுமை. கோதுமை நிறம், அதாவது நாம் மாநிறம் என்கிறோமே அதுதான். இது இந்திய ஆங்கிலம், லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார். நம்மிடமும் வரன் விளம்பரத்திலும் காணாமல் போனவர் பற்றிய போலீஸ் அறிவிப்பிலும்தான் இது அதிகம் கண்ணில் படும். போலீஸுக்கு ஆளை அடையாளம் காட்ட வேண்டும், சரி. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு எதற்கு?

ஃபேர் சங்கதி வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழகு என்றுதான் பொருள், வெளுத்த தோல் என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1975இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று ஒரு க்ரீம் வந்து, வெளுத்தால்தான் அழகு, வேலை, கல்யாணம் எல்லாம் என்று டிவியில் வருஷக்கணக்காகச் சொல்லி, 2020இல்தான் அந்த ஃபேரை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. தமிழில் பழைய கணக்கே வேறு. குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் 'மாமைக் கவின்' என்கிறார், மாமை என்றால் மாந்தளிர் நிறம். அந்த அழகைப் பசலை, அதாவது காதலனைப் பிரிந்த ஏக்கத்தில் உடம்பில் படரும் வெளிறல், தின்கிறதே என்பதுதான் வருத்தம், வெளுப்பு அங்கே நோய்.

நிறம் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். படிப்பு, வேலை, உயரம் போதும், போட்டோ எப்படியும் போகத்தானே போகிறது. தரகர் விடவில்லையென்றால் மாநிறம் என்று தமிழிலேயே போடுங்கள். எதைப் போட்டாலும் மகளிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: மருந்துச் சீட்டில் டாக்டர் 'பேல்' என்று எழுதியிருக்கிறார். நான் நல்ல கருப்பு, அது எப்படி?
(வாசகி, விருதுநகர்)

பதில்: ரத்தம் குறைந்து வெளிறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், தோல் நிறத்தைச் சொல்லவில்லை. கருத்த முகத்தில் அது சட்டென்று தெரியாது, அதனால்தான் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்கள், நாக்கையும் உள்ளங்கையையும் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.