வெள்ளம் வடிந்த குளத்துக்கு நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றலாமா?

கேள்வி: வெள்ளத்தில் சாக்கடை கலந்து குளம் கறுத்து நாறுகிறது. இ.எம். கரைசல் (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கலந்த திரவம்) ஊற்றினால் தெளியுமா? கிணற்றுக்கும் ஊற்றலாமா?

பதில்: குளத்துக்கு ஊற்றலாம், ஆனால் முதல் வேலை அதுவல்ல. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த நீரில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு இல்லாதது ஆக்சிஜன். அது தீர்ந்ததும் கந்தகச் சேர்மங்களைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன; அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலை.

கரைசலைப் பெருக்கும் வழக்கமான அளவு: தாய்க்கரைசல் (பெருக்காத மூல இ.எம். கரைசல்) 1 லிட்டர், வெல்லம் 1 கிலோ, குளோரின் கலக்காத நீர் 20 லிட்டர். மூடி வைத்து, தினமும் வாயுவைத் திறந்துவிட்டால் ஒரு வாரத்தில் புளித்த வாசனை வரும், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே இறங்கும். அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

இங்கேதான் கணக்குத் தவறுகிறது. இதில் ஒரு லிட்டரில் சுமார் 45 கிராம் வெல்லம் போகிறது. புளித்தாலும் அந்தச் சத்து அமிலமாக உள்ளேயே இருக்கும். அது முழுதும் சிதைய 40 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். 10,000 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் குளத்து நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல நீரே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றிய குளத்தில் மீன் மிதப்பது இதனால்தான்.

ஆகவே இலைதழை, செத்த பிராணிகள், எண்ணெய்ப் படலம் ஆகியவற்றை முதலில் அகற்றுங்கள். அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லையென்றால் மேல்நீரைப் பம்பால் இறைத்துக் குளத்திலேயே பூவாளிபோல் தெளியுங்கள். இரவில் ஏரேட்டரோ பம்போ கட்டாயம் ஓட வேண்டும். ஆக்சிஜனை விடியுமுன் அளந்து பாருங்கள், அப்போதுதான் அது மிகக் குறைவு. லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் நிலைத்தபின் வேண்டுமானால் கரைசலைச் சிறுகச் சிறுக விடலாம். சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள்: பி.எச். ஏறினால் கழிவிலுள்ள அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும்.

கிணற்றுக்கு இந்தக் கரைசல் கூடவே கூடாது. காலரா, டைபாய்டு கிருமிகளை அது ஒழிக்கும் என்று நம்பிக் குடிக்க முடியாது. நீரை இறைத்து, சேறு வாரி, ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 150 கிராமைக் கரைத்து ஊற்றி 12 மணி நேரம் விடுங்கள். பிறகு குளோரின் வாசனை போகும்வரை இறையுங்கள். அந்த நீர் குளத்துக்குப் போகக் கூடாது, போனால் வளர்த்த நுண்ணுயிர்களும் மீன்களும் சாகும். பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரியும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். பூச்சிமருந்தோ டீசலோ கலந்திருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை; வேறு நீர்தான் வழி.