பெட்டியில் 1250, உள்ளே 500: கல்சியக் குளிசை வாங்குவோருக்கு

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கல்சியம் எடுக்கச் சொன்னார்கள். எது என்று எழுதித் தரவில்லை. மத்திய வீதியில் ஒரு பார்மசியில் கார்பனேற் 1250 மில்லிகிராம் குளிசை காட்டினார்கள். இன்னொரு கடையில் சிற்றேற்தான் நல்லது என்றார்கள். விலை பல மடங்கு. கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய போத்தலில் 600 என்று இருக்கிறது. அம்மா காலையில் தைரொயிட் குளிசையும் போடுகிறார். எதைக் கொடுப்பது?
– வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் அந்த 1250. அது கல்சியம் கார்பனேற் என்ற முழுச் சேர்மத்தின் நிறை, அதிலுள்ள கல்சியத்தின் நிறை அல்ல. கல்சியம் கார்பனேற்றில் 40 வீதம்தான் கல்சியம். ஆகவே 1250 குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் கிடைக்கும். சிற்றேற்றில் 21 வீதம். கிளினிக்கில் தரும் லக்டேற்றில் 13 வீதம்தான். 300 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 40 அளவுகூட வராது. தம்பி அனுப்பிய போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். ‘ஒரு வேளைக்கு 2 குளிசை’ என்று இருந்தால் அந்த 600 இரண்டுக்கும் சேர்த்த கணக்காக இருக்கலாம், அப்படியானால் ஒன்றில் 300தான். விலையையும் இப்படியே ஒப்பிடுங்கள்: 500 மில்லிகிராம் கல்சியத்துக்கு எந்தக் கடையில் எவ்வளவு ஆகிறது என்று.

அடுத்தது, எவ்வளவு தேவை. 50 வயது தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம், சாப்பாட்டையும் சேர்த்து. அதனால் கடைக்குப் போகுமுன் அம்மாவின் தட்டைப் பாருங்கள். ஒரு கிளாஸ் பாலில் 240 அளவில் வரும். கிண்ணியாத் தயிர் 100 கிராம் சாப்பிட்டால் 120 ஆவது சேரும். குரக்கன் மா 50 கிராமில் அவித்த பிட்டு 170 வரை தரும். முள்ளோடு தின்னும் நெத்தலி, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை எல்லாம் கணக்கில் சேரும். பிரஷர் உள்ளவர்கள் மட்டும் நெத்தலிக் கருவாட்டின் உப்பைக் கவனிக்க வேண்டும். இப்படி 700 வந்துவிட்டால் குறைவது 500. அதற்கு ஒரு குளிசை போதும். மிஞ்சியதை உடம்பு எலும்பில் சேர்த்து வைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும். ஏற்கெனவே கல் இருந்தவர் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கார்பனேற்றா சிற்றேற்றா? அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு இல்லையென்றால் விலை குறைந்த கார்பனேற்றே போதும். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு கொடுங்கள். காஸ்ட்ரிக்குக்கு, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் தினமும் எடுப்பவர் என்றால், அமிலம் குறைந்தாலும் உறிஞ்சப்படும் சிற்றேற்றுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. எதுவானாலும் ஒரு தடவைக்கு 500க்கு மேல் வேண்டாம். உடம்பு கூடுதலாக உறிஞ்சாது. தைரொயிட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். காலையில் அது, மத்தியானச் சோற்றோடு இது என்று வைத்தால் மறக்காது. இரும்புச்சத்துக் குளிசையும் சேர்ந்து போகக் கூடாது.

பார்மசியில் அட்டையை வெட்டித் தரும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். நான் ஒரு முறை வாங்கி வந்த பத்துக் குளிசைத் துண்டில் பெயரின் பாதிதான் இருந்தது. காலாவதித் திகதி கடையிலிருந்த மறுபாதியோடு போய்விட்டது. திகதி உள்ள பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது முழு அட்டையாக வாங்குங்கள். கார்பனேற் குளிசை கரையுமா என்று சந்தேகமா? சிறு கிளாஸில் வினாகிரி ஊற்றி ஒன்றைப் போட்டு, இடையிடையே கலக்கி விடுங்கள். நுரைத்து, ஓரம் உதிர்ந்து, அரை மணித்தியாலத்தில் அடியில் மாவாகப் படிந்தால் சரி. கல்லாகவே கிடந்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

விட்டமின் டி இல்லாமல் கல்சியம் சரியாக உறிஞ்சப்படாது. 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு (பெட்டியில் IU), அதன்பின் 800. கல்சியத்தோடு சேர்த்தே வரும் குளிசைகள் உண்டு. அதிலேயே இந்த அளவு டி கிடைத்தால் தனி டி வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே மணிக்கட்டு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கலாம். அதைக் கல்சியம் மட்டும் சரிசெய்யாது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எலும்புக்கான தனி மருந்தும் தேவையா என்று அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள். அடுத்த முறை இடுப்பெலும்பு முறிந்தால் அம்மா படுக்கையோடு போய்விடுவார் என்ற பயத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படியே கிணற்றடிப் பாசியையும் இந்தக் கிழமையே தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்து விற்றவரிடம் ‘பவளக் கல்சியம்’ வாங்கினேன், முழங்கால் நோவை மாற்றும் என்றார். இரண்டு மாதமாகியும் குறையவில்லை. பில்லும் இல்லை.
– வாசகர், மூதூர்

பதில்: பவளத்தில் இருப்பதும் பெரும்பாலும் கல்சியம் கார்பனேற்றுதான். முழங்காலில் தேய்வது பெரும்பாலும் குருத்தெலும்பு; அதைக் கல்சியம் வளர்க்காது. நோவுக்கு வைத்தியரிடம் போங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. இனி அதில்லாமல் காசு கொடுக்காதீர்கள். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதிலுள்ள பெயரையும் முகவரியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். விற்றவரின் தொலைபேசி இலக்கம் இருந்தால் அதையும் கொடுங்கள்.