பூசுவதும் மருந்துதான்: தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தொடை இடுக்கில் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் முன்பைவிட அகலமாக வருகிறது. ஏன்?

டியூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அது அடக்கும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பையும் அமுக்கிவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். படையின் உருவமே மாறி, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. இடுக்குத் தோல் மெல்லியது, வியர்வையும் சேரும். அதனால் அங்கே மருந்து அதிகமாக உள்ளே போகும். மாதக்கணக்கில் பூசினால் வரிவரியாகத் தழும்பு விழும், அது முழுசாக மறையாது. இருபது வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-லேயே மருத்துவரின் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று அரசு ஆக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். பூஞ்சைக்கான மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை, படை மறைந்த பிறகும், சுற்றியுள்ள நல்ல தோலிலும் சேர்த்துப் பூசுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

கேள்வி: "கொஞ்சமாகப் பூசு" என்கிறார்கள். எவ்வளவு?

ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்குங்கள். ஏறக்குறைய அரை கிராம் வரும். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும்.

கேள்வி: கண் சொட்டு மருந்து இரண்டு சொட்டாக விட்டால் சீக்கிரம் குணமாகுமா?

ஆகாது. ஒரு சொட்டே கண்ணில் முழுசாக நிற்காது, மிச்சம் கன்னத்தில் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். கண் அழுத்தத்துக்கான டிமோலால் அப்படிக் கலந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். வேறு சொட்டும் விட வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்கு ஃபென்டனில் பட்டை ஒட்டியிருக்கிறோம். மேலே வெந்நீர்ப் பை வைக்கலாமா?

கூடவே கூடாது. 3 நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டிய மருந்து, சூடு பட்டால் வேகமாக உள்ளே இறங்கி மூச்சையே மந்தமாக்கிவிடும். கடும் காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும், அப்போது உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டையை வெட்டவும் வேண்டாம். அப்புறம், கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.